தரை சுடவில்லை

மதுரை கோச்சடையில் மேலக்கால் ரோட்டை ஒட்டி என்னுடைய பேட்டரி கடை. அடுத்த கடை பத்ரிநாத்துடையது. கார், வேன்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தார். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகப் பதினெட்டு வருஷம் இருந்தோம். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு காரும் அதன் டிரைவரும்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

பத்ரிநாத் மஹால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா நூல் கடையில் நிறுவை போட்டவர். பிள்ளை ஐ.டி.ஐ. முடித்து, ஒரு பஸ் ஷெட்டில் டைனமோ, ஸ்டார்ட்டர் வேலை பழகி, எண்பத்தாறில் இந்தக் கடையைப் போட்டார். நான் வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்து மனைவி லலிதாம்பாளிடம் அவர்கள் பாஷையில் பேசுவார். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பாஷையில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம், இன்றைக்கும் சாப்பாட்டுக்கு லேட்டாகும் என்பதுதான்.

லேட்டாவதற்குக் காரணம் அவருடைய வேலை அப்படி. நாலு கடை ஏறி இறங்கியும் சரியாகாத வண்டிதான் அவரிடம் வரும். ஓடும்போது திடீரென்று நிற்பது, ஹாரன் தானாக அடிப்பது, மழைக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகாதது என்று எல்லாமே பிடிபடாத கோளாறுகள். மல்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, வயரை விரலால் தடவிக்கொண்டே போவார். கண்டுபிடிக்காமல் விட்டதில்லை என்று பேர். அந்தப் பேர் அவருக்குப் பிடித்திருந்தது. கோளாறு தெரியவில்லை என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. அதை நான் அப்போது ஒரு குறையாக நினைக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் தவ்பீக் பாய் எங்கள் பகுதிக்குக் குடிவந்தார். சொந்த ஊர் உத்தமபாளையம். மலேசியாவில் ரப்பர் கையுறை செய்யும் கம்பெனியில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு வந்து, கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. வரும்போது அங்கே வைத்திருந்த காரையும் கப்பலில் கொண்டுவந்துவிட்டார். கருநீலம், ஜப்பானில் செய்தது. அந்த மாதிரி வண்டி அன்றைக்கு மதுரையில் இன்னொன்று இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்த வண்டியின் டேஷ்போர்டில் நாங்கள் பார்த்திராத ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்யும் டப்பா ஒன்று உண்டு. அது அளவுக்கு மீறிச் சூடேறினால் மேலே இருக்கும் தரைவிரிப்போ கீழே கிடக்கும் காய்ந்த புல்லோ பற்றிக்கொள்ளலாம். அதைக் கவனிக்க ஒரு சென்சார், அதிலிருந்து டேஷ்போர்டுக்கு ஒரு வயர். சூடு எல்லையைத் தாண்டினால் விளக்கு எரியும். வண்டியோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. தவ்பீக் பாயோடு கம்பெனியில் வேலை பார்த்த ஜப்பான்காரர் ஒருவர் அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார், விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும் என்று. பாய் அதை மறக்கவில்லை. டிரைவர் மொக்கையனிடமும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மொக்கையனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். காலையில் முதல் பஸ்ஸில் வந்து, பொழுது சாய்ந்ததும் திரும்பிப் போவான். அதற்கு முன்னால் டெம்போ ஓட்டியவன். இப்படி ஒரு கார் கைக்கு வந்ததில் அவனுக்கு இருந்த சந்தோஷம் வெளிப்படையாகவே தெரிந்தது. செருப்பை வெளியே கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் ஏறுவான். வெறுங்காலோடுதான் ஓட்டுவான்.

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் ஒருநாள் அவன் காரைக் கொண்டுவந்து பத்ரிநாத் கடை முன்னால் நிறுத்தினான். அந்தச் சிவப்பு விளக்கு நாலைந்து தரம் எரிந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தும் விடுகிறது என்றான். பிறகு தயங்கிக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னான்.

"லைட்டு எரியிறப்ப தரை சுடலண்ணே. நான் வெறுங்காலோட ஓட்டுறவன், சுட்டாத் தெரியும்ல. இன்னொன்னு, முதலாளி வண்டியில இருந்தாத்தேன் எரியுது. நான் மட்டும் வந்தா எரியிறதே இல்ல."

பத்ரிநாத் சிரித்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "என்னய்யா, வண்டிக்கும் முதலாளின்னா பயமா?" என்று கேட்டது நான். எதிரே டீக்கடையில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மொக்கையன் ஒப்புக்குச் சிரித்துவிட்டு, துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

பத்ரிநாத் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். அடியில் படுத்துச் சென்சாரின் வயரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு தரம், ஓடவிட்டுச் சூடான பிறகு ஒரு தரம். இரண்டும் சரியாக இருந்தன. அடுத்து டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு அந்த முனையில் வயரை வண்டியின் இரும்புப் பாடியோடு தொட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்தது. எடுத்தார், அணைந்தது. இரண்டு முனையும் சரி. நடுவில் அந்த வயர் முன்பக்க இடது சீட்டுக்குக் கீழே, தரைவிரிப்புக்கு அடியில் போகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் சீட்டையே கழற்ற வேண்டும், விரிப்பைப் பெயர்க்க வேண்டும். அரை நாள் வேலை. இரண்டு முனையும் சரியாக இருக்கும்போது நடுவில் என்ன ஆகிவிடப்போகிறது என்று அவர் நினைத்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்டோபரில் தவ்பீக் பாயே மொக்கையனோடு வந்தார். விளக்கு மறுபடியும் எரிகிறது, வழியில் நிறுத்தி நிறுத்தி ஒரு கூட்டத்துக்கே போக முடியாமல் போய்விட்டது என்று கோபத்தில் இருந்தார். பத்ரிநாத் மறுபடியும் எல்லாவற்றையும் சோதித்தார். தனியாக நாகமலை வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். விளக்கு எரியவில்லை. இறங்கி வந்தபோது அவர் முகம் இறுகியிருந்தது. பாய் கடை வாசலில் நின்று, அப்படியானால் என்னதான் கோளாறு என்று கேட்டார். நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சென்சார் நல்லா இருக்கு. வயரும் நல்லா இருக்கு. ஓட்டுறதுலயும் இருக்கு பாய்" என்றார் பத்ரிநாத். "கியர மாத்தாம இழுத்து இழுத்து ஓட்டுனா சைலன்சர் சூடாகத்தான் செய்யும்."

மொக்கையன் மூன்றடி தள்ளித்தான் நின்றான். நிமிர்ந்து பத்ரிநாத்தைப் பார்த்தான். பாய் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்துவிட்டது. பத்ரிநாத் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது உண்மை இல்லை என்று அந்த நிமிஷமே தனக்குத் தெரியும் என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். பொய் என்றும் அப்போது தோன்றவில்லையாம். ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன் என்றார்.

கார்த்திகை பிறந்த சமயம், நல்ல மழை. உத்தமபாளையத்திலிருந்து தவ்பீக் பாய்க்குப் போன் வந்தது. அம்மா அஜ்மல் பீவிக்கு மூச்சுத் திணறுகிறது, மகனைக் கேட்கிறார்கள், உடனே புறப்பட்டு வா என்று. அண்ணன் வீட்டில் இருந்த எண்பது வயதுக்காரர். காலை பத்து மணிக்குப் பாயும் அவர் மனைவி சுஃபியாவும் கிளம்பினார்கள். மொக்கையன் ஓட்டினான். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டி கணவாயில் ஏறும்போது விளக்கு எரிந்தது. வண்டியை நிறுத்தினார்கள். ஆறட்டும் என்று நாற்பது நிமிஷம் அந்த மழையில் காத்திருந்தார்கள். கடந்துபோன இரண்டு பஸ்ஸும் நிற்கவில்லை. பாயிடம் அப்போது செல்போன் கிடையாது. கடைசியில் விளக்கு அணைந்தது, போய்ச் சேர்ந்தார்கள். வீட்டு வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். அஜ்மல் பீவி மவுத்தாகிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. கடைசி வரைக்கும் கதவைப் பார்த்தபடியே மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அண்ணி சொன்னாராம்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து திரும்பியதும் பாய் மொக்கையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இழுத்து ஓட்டி வண்டியைக் கெடுத்தவன், அவனால்தான் அம்மாவின் முகத்தை உயிரோடு பார்க்க முடியவில்லை என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார். காளவாசல் டாக்ஸி ஸ்டாண்டில் அந்தப் பேச்சு பரவ இரண்டு நாள் கூட ஆகவில்லை. வேறு இடத்தில் டிரைவர் வேலை கேட்டுப் போன மொக்கையனிடம், நீதானே அந்த ஃபாரின் காரை எரிக்கப் பார்த்தவன் என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் எங்கள் ரோட்டில் தென்பட்டான். பிறகு வரவில்லை.

அதற்கப்புறம் பாயே காரை ஓட்டினார். விளக்கு ஒரு தரம்கூட எரியவில்லை. அதைப் பார்த்து நாங்கள் எல்லோருமே, பத்ரிநாத் சொன்னதுதான் சரி என்று பேசிக்கொண்டோம். பத்ரிநாத் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், பாய் காரை விற்றுவிட முடிவு செய்தார். அந்த வண்டியில் ஏறினாலே அம்மா ஞாபகம் வருகிறது என்றார். சோழவந்தானிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் பார்க்க வந்தார். வண்டியைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஆள் என்று பத்ரிநாத்தையே ஓட்டிக் காட்டச் சொன்னார் பாய். மில்காரர் பாயைவிடக் கனத்த ஆள். முன்பக்க இடது சீட்டில் உட்கார்ந்து, கால் நீட்ட இடம் போதாமல், சீட்டை ஒரே தள்ளாகக் கடைசி வரை பின்னால் தள்ளினார். நூறு அடி போயிருப்பார்கள். ரோட்டில் ஒரு பள்ளம். வண்டி குலுங்கியதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

எஞ்சின் இன்னும் சூடாகக்கூட இல்லை. பத்ரிநாத் ஓரமாக நிறுத்தி, குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. மில்காரரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னார். விளக்கு அணைந்தது. உட்காரச் சொன்னார். எரிந்தது. மூன்று தரம் அப்படிச் செய்தார். என்ன விளையாடுகிறீர்களா என்று கேட்டுவிட்டு, அந்த மனிதர் இறங்கி நடந்தே போய்விட்டார்.

காரைக் கடைக்குக் கொண்டுவந்து, நாலு போல்ட்டையும் கழற்றிச் சீட்டை வெளியே தூக்கி வைத்தார். விரிப்பைப் பெயர்த்தார். சீட்டு நகரும் இரும்புத் தண்டவாளத்தின் பின்முனை, கீழே போகும் வயரை அழுத்திக்கொண்டிருந்தது. அரிசி அளவுக்கு மேல்தோல் தேய்ந்து உள்ளே செம்பு பளபளத்தது. சீட்டு முழுக்கப் பின்னால் போய், அதன்மேல் கனமான ஆளும் உட்கார்ந்தால், வண்டி குலுங்கும்போது அந்தச் செம்பு இரும்பில் படும், ஆள் அசைந்தால் விலகும். பட்டால் மின்சாரம் பாடிக்குள் இறங்கி எர்த் ஆகும். விளக்குக்கு அது தெரியாது. சென்சார்தான் சூட்டைச் சொல்கிறது என்று நினைத்து எரியும். மொக்கையன் ஓட்டிய நாளெல்லாம் தவ்பீக் பாய் அந்தச் சீட்டில்தான் கால் நீட்டி உட்கார்ந்தார். அவர் டிரைவர் சீட்டுக்கு மாறிய பிறகு இடது பக்கம் உட்கார்ந்தது சுஃபியாதான். ஒல்லியான பெண், சீட்டைப் பின்னால் தள்ளுவதும் இல்லை.

நான் எட்டிப் பார்த்தபோது பத்ரிநாத் அந்த வயரைப் பார்த்தபடி கார் தரையில் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "முதலாளி இருந்தாத்தேன் எரியுதுன்னான்" என்றார். நான் கேட்ட கேள்வியும் சிரித்த சிரிப்பும் எனக்கு ஞாபகம் வந்தது. திரும்பி என் கடைக்கு வந்துவிட்டேன்.

டேப் சுற்றி, வயரை நகர்த்திக் கட்ட அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பாயிடம் சின்ன வயர் வேலை என்று மட்டும் சொல்லி வண்டியைக் கொடுத்துவிட்டார். ஒரு வாரத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. பொங்கல் வந்து போனது. சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து லலிதாம்பாள் விடாமல் கேட்டதில் சொல்லிவிட்டார். அந்தம்மா திட்டவில்லையாம். அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா என்று மட்டும் கேட்டாராம். அதற்கும் இவருக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூர் பஸ் ஏறினார். ஜல்லிக்கட்டு முடிந்து வாடிவாசல் பக்கம் கட்டியிருந்த சவுக்குக் கட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, மொக்கையன் ஊரில் இறங்கி, விசாரித்தார். டிரைவர் மொக்கையனா, கால் போனவனா என்று கேட்டார்கள்.

வேலை எங்கும் கிடைக்காமல் மார்கழியில் அவன் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டப் போயிருக்கிறான். சர்க்கரை மில் வாசலில் வரிசையில் நிற்கும்போது டிரெய்லரின் கொக்கியைக் கழற்ற இறங்கினான். மேட்டில் நின்ற டிரெய்லர் நகர்ந்துவிட்டது. பாரத்தோடு சக்கரம் வலது காலின் மேல் ஏறியது. பெரியாஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பத்ரிநாத் போனபோது ஓட்டு வீட்டின் முன்னால் நார்க் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டிக்கு அகத்திக் குழை கொடுத்துக்கொண்டிருந்தான். காலில் கட்டு இருந்தது. இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தான்.

"வாங்கண்ணே" என்றான். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

பத்ரிநாத் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார். அந்தக் காலைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"மொக்கையா, அந்த லைட்டுக் கோளாறு என்னன்னு தெரிஞ்சுபோச்சு. சீட்டுக்கு அடியில வயர் தேஞ்சு பாடியில எர்த் ஆயிருக்கு. வண்டி சூடாகவே இல்ல. நீ ஓட்டுனதுலயும் தப்பில்ல. நாந்தான் கண்டுபிடிக்க முடியாம உன் மேல பழியப் போட்டுட்டேன்."

மொக்கையன் குட்டியின் வாயிலிருந்து குழையை எடுத்தான்.

"எந்த சீட்டுண்ணே?"

"முன்னாடி. இடது பக்கம்."

"முதலாளி உக்கார்ற சீட்டு" என்றான். தலையை மெதுவாக ஆட்டினான். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டான். "முருகம்மா, இங்கிட்டு வா. அண்ணே ஒன்னு சொல்றாரு, கேளு." இவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அவகிட்ட ஒருக்காச் சொல்லிருங்கண்ணே. நாந்தேன் வண்டியக் கெடுத்துட்டு மறைக்கிறேன்னு அவளும் நெனச்சுக்கிட்டிருக்கா."

முருகம்மாள் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். பத்ரிநாத் இரண்டாவது முறை சொன்னார். முதல் முறையைவிட அது கஷ்டமாக இருந்தது என்றார் என்னிடம். அவள் முழுவதும் கேட்டாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"இத அப்பவே ஒரு வார்த்த பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதாண்ணே" என்றாள். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மொக்கையன் கணவாயில் நடந்ததைச் சொன்னான். விளக்கு எரிந்ததும் காலைத் தரையில் நன்றாக ஊன்றிப் பார்த்திருக்கிறான். சுடவில்லை. தரை சுடவில்லை, வாடையும் இல்லை, போய்விடலாம் முதலாளி என்று சொன்னானாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னானாம். தீப்பிடித்தால் நீயா பதில் சொல்வாய் என்று பாய் அதட்டிவிட்டார். அதற்கு மேல் சொல்ல இவனுக்குத் தைரியம் வரவில்லை. "நான் பேசாம எடுத்துட்டுப் போயிருக்கணும்ணே. முதலாளி அவுக அம்மா முகத்தப் பாத்திருப்பாரு" என்றான். பாய் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. முதலாளியிடமும் இதைச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் பத்ரிநாத் கடையைத் திறக்காமல் நேராகக் கப்பலூர் போனார். தொழிற்சாலைக்குள் ஒரே ரப்பர் வெக்கை. தவ்பீக் பாய் கண்ணாடி அறையில் இருந்தார். பத்ரிநாத் நின்றுகொண்டே சொன்னார். வயரைச் சொன்னார், தான் சொன்ன பொய்யைச் சொன்னார், மொக்கையனின் காலைச் சொன்னார். பாய் கோபப்படுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தார். பாய் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தரை சுடலன்னு சொன்னான்" என்றார். "ரெண்டு தடவ சொன்னான். நான்தான் கேக்கல. சுஃபியாவும் போயிரலாம்னு சொன்னா. அவளையும் அதட்டிட்டேன்."

பாய் மேஜையில் கிடந்த ஒரு வாஷரை விரலால் நகர்த்தினார்.

"அவனாலதான் அம்மாவப் பாக்க முடியலன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இத்தன நாளு தூங்குனேன். இப்ப நீங்க வந்து அதையும் எடுத்துட்டீங்க, பத்ரி அண்ணே." பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல், "எல்லாம் நசீபுன்னு, விதின்னு சொல்லலாம். சொல்ல வாய் வரல" என்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். வெளியே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பத்ரிநாத் வெகுநேரம் நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டார்.

பாய் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு, தனியாக மொக்கையன் ஊருக்குப் போனார். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் வாட்ச்மேனாக வந்து உட்கார்ந்திரு என்று கூப்பிட்டார் என்பதும், அவன் மறுத்துவிட்டான் என்பதும் மட்டும் தெரியும். வண்டிகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க முடியாது என்றானாம். முருகம்மாள்தான் வாஷர் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனாள். இரண்டு பஸ் மாறிக் கப்பலூருக்கு வருவாள். கார் அந்த மாசியிலேயே கைமாறிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது.

பத்ரிநாத் காளவாசல் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்த டிரைவர்களிடம் ஒவ்வொருவராக நின்று, மொக்கையன் மேல் தப்பில்லை என்று சொன்னார். பாதிப்பேருக்கு அவன் யார் என்பதே மறந்துபோயிருந்தது. அதற்கப்புறம் அவர் கடையில் ஒரு மாற்றம் வந்தது. கோளாறு பிடிபடாவிட்டால், எனக்குத் தெரியவில்லை, வேறு ஆளிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிடுவார். வண்டி கொண்டுவருகிற டிரைவரை ஸ்டூலில் உட்காரவைத்து, எப்போது எரிந்தது, யார் கூட இருந்தார்கள், கால் சுட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும். வாடிக்கை கொஞ்சம் குறைந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாதம் ஒருமுறை மொக்கையனைப் பார்த்துவிட்டு வருவார். போனால் அரை மணி நேரம் இருப்பார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்களாம். மொக்கையனுக்குச் சர்க்கரை வந்தது. வெட்டிய காலில் புண் வந்தது, ஆறுவதும் திறப்பதுமாக இரண்டு வருஷம் இழுத்தது. இரண்டாயிரத்து ஆறு ஆடியில் இறந்துபோனான். முப்பத்தைந்து வயது.

நானும் பத்ரிநாத்தோடு போயிருந்தேன். தவ்பீக் பாய் எங்களுக்கு முன்பே வந்து, ஆண்கள் கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தார். முருகம்மாள் பத்ரிநாத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். சொந்தக்காரப் பெண்களிடம், அழுகைக்கு நடுவே, அவரைக் காட்டிச் சொன்னாள்.

"இவருதேன். எங்க வீட்டுக்காரர் வண்டியக் கெடுக்கலன்னு வீடு தேடி வந்து சொன்னவரு."

அந்தப் பெண்கள் அவரைக் கும்பிட்டார்கள். பத்ரிநாத் தலை நிமிரவே இல்லை. சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். எடுத்துக்கொண்டு போகும் வரை இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு வந்தோம். பஸ் வர நேரமானது. சுவரில் சாய்ந்து நின்றவர், அவள் பாதியைத்தான் சொன்னாள் என்றார். மீதியை நீங்களே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அங்கே வைத்துச் சொன்னால் அது என் மனசு ஆறுவதற்காகச் சொன்னதாகிவிடும் என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது.

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாள் காலையில் வழக்கம்போல் வந்து ஷட்டரைத் தூக்கினார். வாசலில் ஒரு டாக்ஸி டிரைவர் காத்திருந்தான். ஸ்டூலை எடுத்துப்போட்டு, உட்காரச் சொன்னார்.